சனிக்கிழமை வலி

பசீர் அகமது பாய்க்கு நெஞ்சு வலிப்பது சனிக்கிழமைகளில் மட்டும்தான். இதை முதலில் கண்டுபிடித்தவன் நான். நான் டாக்டர் இல்லை, மருந்துக் கடைக்காரன். பெயர் பெருமாள்சாமி. திருப்பூரில் மங்கலம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தின் முனையில் கடை. எனக்கு வாய் கொஞ்சம் அதிகம் என்று என் மனைவி சொல்வாள். அந்த வாயை ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ஏழு மாதம் மூடி வைத்திருந்தேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

என் கடையிலிருந்து நாலு கட்டடம் தள்ளி பாயின் பவர் டேபிள். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: பவர் டேபிள் என்றால் வரிசையாகத் தையல் மிஷின்களைப் போட்டு, கம்பெனிக்காரர்கள் வெட்டிக் கொடுக்கும் பனியன் துணியைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் இடம். பாயிடம் பன்னிரண்டு மிஷின் இருந்தது, பதினான்கு பேர் வேலை செய்தார்கள். தகரக் கூரை. சித்திரை வெயிலில் உள்ளே போனால் ஐந்து நிமிஷத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும்.

அவர் முதலாளியாகப் பிறந்தவர் அல்ல. பதினைந்து வயதில் ஒரு கம்பெனியில் துணி மடிக்கச் சேர்ந்து, பிறகு டெய்லரானவர். எண்பத்து நாலில் பஞ்சப்படி கேட்டு ஊரே வேலைநிறுத்தம் செய்து நாலு மாதம் கம்பெனிகள் மூடிக் கிடந்தபோது அவரும் வெயிலில் கோஷம் போட்டவர்தான். அது ஓய்ந்ததும், உள்ளே ஆள் வைத்தால்தானே இந்தத் தொல்லை என்று கம்பெனிக்காரர்கள் தைக்கிற வேலையை வெளியே கொடுக்கத் தொடங்கினார்கள். பாய் தன் மனைவி ரஹ்மத்துன்னிசாவின் வளையல்களை விற்று நாலு பழைய மிஷின் வாங்கிப் போட்டார். அன்று முதல் எல்லோரும் அவரை முதலாளி என்றார்கள். முதலாளிக்கு உண்டான கவலைகள் எல்லாம் ஒழுங்காக வந்து சேர்ந்தன, பணம்தான் வரவில்லை.

காரணம் ரொம்ப எளிது. இந்த ஊரில் வேலை செய்கிறவர்களுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம். அது சூரியன் உதிப்பது மாதிரி நிச்சயம். ஒரு சனிக்கிழமை தவறினால் திங்கட்கிழமை பாதி மிஷினில் ஆள் இருக்காது, பக்கத்து டேபிளுக்குப் போய்விடுவார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, அவர்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை அரிசி வாங்க வேண்டும். ஆனால் பாய்க்கு வேலை கொடுத்த கம்பெனி பணமாகக் கொடுக்காது. மூன்று மாதம் தள்ளித் தேதி போட்ட செக் கொடுக்கும். வெளிநாட்டுக்குப் போன சரக்குக்குப் பணம் வந்தால்தான் அந்த செக்குக்கு உயிர். ஆகவே வாராவாரம் பாய் அந்த செக்குகளை எடுத்துக்கொண்டு பொன்னுச்சாமி என்கிறவரிடம் போவார். பொன்னுச்சாமி வெள்ளகோவில்காரர். செக்கை வாங்கி வைத்துக்கொண்டு, நூற்றுக்கு இவ்வளவு என்று பிடித்துக்கொண்டு மீதியைக் கையில் கொடுப்பார். பாய் அதை வட்டி என்று சொல்ல மாட்டார், கழிவு என்பார். அந்த ஒரு சொல்லில் அவருக்குக் கொஞ்சம் நிம்மதி இருந்தது. நான் அதைக் கிண்டல் செய்ததில்லை.

பொன்னுச்சாமியின் ஆபீஸ் மெயின் ரோட்டில் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் உச்சியில். சனிக்கிழமை மூன்று மணிக்கு பாய் அந்தப் படிகளை ஏறுவார். நாலரைக்குத் திரும்பி வரும்போது நேரே டேபிளுக்குப் போகாமல் என் கடைக்கு வருவார். ஒரு கேஸ் பவுடர் பொட்டலம் வாங்குவார். கவுன்டரிலேயே டம்ளர் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு, ஏப்பம் வருமா என்று நெஞ்சைத் தடவியபடி காத்திருப்பார். ஏப்பம் வராது.

"இப்பத் தேவலீங்கண்ணா," என்று சொல்லிவிட்டு, பிரவுன் பேப்பர் கவர் பதினான்கு எண்ணி வாங்கிக்கொண்டு போவார். நான் மாத்திரை போட்டுக் கொடுக்கும் சின்னக் கவர்தான். ஒவ்வொருவர் சம்பளத்தையும் அதில் போட்டு, மேலே பெயர் எழுதி, ஆறு மணிக்குக் கையில் கொடுப்பது அவர் வழக்கம். கூலியை வெறும் கையில் வாங்கினால் பிச்சை வாங்குவது போல இருக்கும், நான் வாங்கியிருக்கிறேன் என்று ஒரு தடவை சொன்னார். ஏழு வருஷத்தில் ஒரு சனிக்கிழமைகூட அந்தக் கவர் தவறியதில்லை, ஒரு ரூபாய்கூடக் குறைந்ததில்லை. அந்த மனுஷனுக்கு வாழ்க்கையில் பெருமை என்று இருந்தது அது ஒன்றுதான்.

தொண்ணூற்று ஒன்று கடைசியில், மார்கழி மாதம் ஒரு சனிக்கிழமை, பாய் வந்து நின்றபோது நான் கேலியாகத்தான் ஆரம்பித்தேன்.

"ஏனுங்க பாய், உங்க வயித்துக்கு மட்டும் எப்பிடிங்க கிழமை தெரியுது? திங்கக்கிழமை கேஸே வர்றதில்லீங்களா?"

அவர் சிரித்தார். சிரித்தபடியே இடது தோளைப் பிடித்துக்கொண்டார். குளிரில் நான் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அவர் நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. எனக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. இருபது வருஷமாகக் கடையில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு அந்த வேர்வை என்னவென்று தெரியாமல் இருக்குமா? கேஸ் பவுடரை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

"டாக்டரைப் பாக்கோணும் பாய். இது வயிறு இல்லீங்க."

"இந்த ஊருல வேண்டாமுங்கண்ணா," என்றார் உடனே. யோசிக்கவே இல்லை. அதாவது அவருக்கும் முன்பே தெரிந்திருக்கிறது. எனக்குக் கோபம் அங்கேயே தொடங்கிவிட்டது.

இங்கே வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. திருப்பூரில் ஒருவர் டாக்டர் வீட்டுப் படியேறினால், இறங்கி வருவதற்குள் அவருக்குப் பணம் கொடுத்தவர்கள் அத்தனை பேருக்கும் செய்தி போய்விடும். இங்கே தொழில் பத்திரத்தில் நடப்பதில்லை, ஆளைப் பார்த்து நடக்கிறது. ஆள் காலையில் டீக்கடைக்கு வந்தானா, வெள்ளைச் சட்டை போட்டிருந்தானா, நடை தளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். நெஞ்சு நோயாளி என்று தெரிந்த ஆளிடம் மூன்று மாதச் செக்கை யார் வாங்குவார்கள்? செக் திரும்பி வந்தால் தைத்து அடைப்பதற்கு ஆள் இருக்க வேண்டாமா?

ஒரு செவ்வாய்க்கிழமை, மிஷின் ஊசி வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு பாய் கோயமுத்தூர் பஸ் ஏறினார். நான் முந்தின பஸ்ஸில் போய் ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். சேர்ந்து போனால் யாராவது பார்ப்பார்களாம். ஐம்பது வயதை நெருங்கும் இரண்டு பேர் திருட்டுத்தனமாக ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

ஈசிஜி எடுத்தார்கள். டாக்டர் அந்த நீளக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"தொழில்ல, வீட்டுல ஏதாவது கவலை உண்டா?"

"அப்பிடியெல்லாம் இல்லீங்க சார். ஆண்டவன் கிருபைல நல்லா இருக்கனுங்க," என்றார் பாய்.

மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். மிதித்தும் பயனில்லை. டாக்டரிடமே மறைக்கிற மனுஷனை என்ன செய்வது? சனிக்கிழமைக் கதையை நான்தான் சொன்னேன். டாக்டர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். மாடிப்படி ஒரு காரணம்தான், ஆனால் அதைவிட, படி ஏறும்போது மனசில் என்ன ஓடுகிறது என்பதும் நெஞ்சுக்குச் சுமைதான் என்றார். ஓயாத கவலை இருந்தால் தூக்கம் போகும், ரத்தக் கொதிப்பு ஏறும், ஏற்கெனவே அடைத்துக்கொண்டு வரும் குழாய்க்கு அது போதும் என்றார். ஆன்ஜியோ எடுத்துப் பார்க்க வேண்டும், அதுவரை ஓய்வு, மாடி ஏறக் கூடாது, கவலைப்படவே கூடாது. தினம் போட ஒரு மாத்திரை. வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்க ஒரு மாத்திரை, விழுங்கக் கூடாது. பத்து நிமிஷத்தில் வலி போகாவிட்டால் எங்கே இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

கவலைப்படவே கூடாது என்று சீட்டில் எழுதி மட்டும் கொடுக்கவில்லை. எழுதியிருந்தாலும் அந்தச் சரக்கு என் கடையில் கிடையாது.

ஆன்ஜியோவுக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டுவிட்டு பாய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினார்.

"பதினாலு பேருக்கும் ரெண்டு வாரச் சம்பளமுங்கண்ணா," என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

திரும்பும்போது, இருட்டுவதற்கு இன்னும் நேரம் இருந்தாலும், ஒரே பஸ்ஸில் வர ஒப்புக்கொண்டார். பஸ் சோமனூர்ப் பிரிவைத் தாண்டும்போது மெதுவாகக் கேட்டார்.

"அண்ணா, ஒரு உதவிங்க. இந்த மாத்திரைய என் பையில வெச்சிருந்தா யாராச்சும் பாப்பாங்க. ஊட்டுல பாத்தா அழுவா. டேபிள்ல பாத்தா பொன்னுச்சாமியண்ணன் காதுக்கு நாளைக்கே போயிரும். நீங்க கவர்ல போட்டுக் குடுக்கறப்ப மேல கேஸ் மாத்திரைன்னு எழுதிக் குடுத்துருங்க. எப்பவும் வாங்கறதுதானேன்னு இருப்பாங்க."

"என்ன பேச்சுப் பேசறீங்க பாய்? விளையாட்டா இது?"

"ஒரு சீசன் மட்டுமுங்கண்ணா. வைகாசியோட பழைய செக்கெல்லாம் பாஸாயிரும். பொறவு நானே சொல்லிட்டு, போய்ப் படுத்துக்கறேன்."

நான் மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன், அவ்வளவுதான். அன்று கடைக்கு வந்து, மாத்திரைப் பட்டையில் பெயர் அச்சடித்த ஓரத்தைக் கத்தரியால் வெட்டி எறிந்துவிட்டு, ஆறு மாத்திரையைக் கவரில் போட்டு, நீல மையில் 'கேஸ் மாத்திரை' என்று எழுதினேன். என் கையெழுத்து குண்டு குண்டாக நன்றாக இருக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களுக்கும் புரியும். அதில் எனக்கு ஒரு கர்வம்கூட உண்டு.

பிறகு மாதாமாதம் எழுதினேன். தை, மாசி, பங்குனி. பாய் சனிக்கிழமை படி ஏறுவதை நிறுத்தவில்லை. ஒரு மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டு, ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் செருப்பைச் சரி செய்வது போலக் குனிந்து நின்று ஏறுவதாகச் சொன்னார். மேலே போனதும் உடனே பேச மாட்டாராம். பொன்னுச்சாமி வணக்கம் சொன்னால் தலையை மட்டும் ஆட்டுவாராம். கரைவதற்கு நேரம் வேண்டுமே. இதை எல்லாம் ஏதோ கெட்டிக்காரத்தனம் போல என்னிடம் சொல்லிச் சிரிப்பார்.

பங்குனியில் ஒரு நாள் ரஹ்மத்துன்னிசா கடைக்கு வந்தார். அமைதியான அம்மா, பேசுவதே அபூர்வம்.

"அண்ணா, எனக்கு ரெண்டு நாளா வயித்து உப்புசமுங்க. எங்க ஊட்டுக்காரரு சட்டைப் பையில கேஸ் மாத்திரை வெச்சிருக்காரு. அதுல ஒண்ணு போட்டுக்கிட்டா ஆகுங்களா? கேட்டுட்டுப் போடலாம்னு வந்தேன்."

"அது ஆம்பளைங்க மாத்திரைம்மா, தொடாதீங்க," என்று ஏதோ உளறி, வேறு மாத்திரை கொடுத்து அனுப்பினேன். அந்த நிமிஷம் சொல்லியிருக்கலாம். அம்மா நேராக நின்று கேட்டார், கடையில் வேறு யாரும் இல்லை. ஆனால் பாய்க்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், வைகாசிக்கு இன்னும் இரண்டு மாதம்தானே என்ற நினைப்பு ஒரு பக்கம். அன்று சாயங்காலம் பாயைக் கூப்பிட்டுத் திட்டினேன். "ஊட்டுலயாச்சும் சொல்லித் தொலைங்க பாய்!" தலையை ஆட்டினார். சொல்லவில்லை.

வைகாசி வந்தது, போனது. பழைய செக்குகள் பாஸாகவில்லை. கம்பெனியின் சரக்கு ஏதோ ஒரு நாட்டில் துறைமுகத்தில் நிற்கிறது என்றார்கள். நிறம் சரியில்லை என்று வாங்குகிறவன் மறுத்துவிட்டானாம். ஆனியில் இரண்டு செக் பாங்கிலிருந்து திரும்பி பொன்னுச்சாமியிடம் வந்தன. பாய் கன்னம் ஒட்டிப் போனார். மாதத்துக்கு ஆறு மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தவர் வாரத்துக்கு ஆறு வாங்கினார். வலிக்கு இப்போது கிழமை கிடையாது. புதன்கிழமையே சனிக்கிழமையை நினைத்து வலித்தது.

தொண்ணூற்று இரண்டு ஆடி மாதம், மூன்றாவது சனிக்கிழமை. அன்று பாய் நாலரைக்கு என் கடைக்கு வரவில்லை. கவர் வேறு எங்கோ வாங்கிவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன். நடந்ததை எனக்குச் சொன்னது முத்துப்பேச்சி. அவள் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள், பாயிடம் நாலு வருஷமாக ஓவர்லாக் மிஷினில் தைக்கிறாள்.

அன்று பொன்னுச்சாமி பாதிப் பணம்தான் கொடுத்திருக்கிறார். பாய் அதை எடுத்துக்கொண்டு நேராக டேபிளுக்கு வந்து, மேஜை டிராயரில் மிச்சம் இருந்த கவர்களில் பாதிப் பாதியாகப் போட்டு, ஆறு மணிக்கு முன்பே எல்லோரையும் கூப்பிட்டிருக்கிறார். மிஷின்களை நிறுத்தச் சொல்லிவிட்டு, நின்றுகொண்டே பேசினாராம்.

"பாதிதான் இருக்குது. மீதி புதங்கெழமைக்குள்ள குடுத்தர்றேன். ஏழு வருசத்துல மொதத் தடவ. மன்னிச்சுக்கங்க."

ஒருவர் பின் ஒருவராக வந்து கவரை வாங்கியிருக்கிறார்கள். பதினான்காவது கவரைக் கொடுத்துவிட்டு பாய் துணிக்கட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறார். முகம் சாம்பலாகப் போய்விட்டது. பேச வரவில்லை. விரலால் சட்டைப் பையைக் காட்டியிருக்கிறார். முத்துப்பேச்சி கையை விட்டு எடுத்தாள். அவர்கள் கையில் அப்போதுதான் வாங்கியிருந்த கவரைப் போலவே ஒரு கவர். அதன் மேல் என் குண்டு எழுத்து.

அவளுக்குப் படிக்கத் தெரியும். ஐந்தாவது வரை போனவள். படித்தாள், நிம்மதியானாள்.

"கேஸ்தான், ஒண்ணுமில்ல, பயப்படாதீங்க" என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டு, ஒருத்தியை ஓடவிட்டு சோடா வாங்கி வரச் சொன்னாள். வாயைத் திறக்க வைத்து மாத்திரையைப் போட்டு சோடாவை ஊற்றி விழுங்க வைத்தாள். அவர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாராம். சோடா பிடிக்கவில்லை என்று நினைத்திருக்கிறார்கள். முதுகைத் தட்டிக் கொடுத்துக்கொண்டு, ஏப்பம் வரட்டும் என்று அரை மணி நேரம் உட்கார வைத்திருக்கிறார்கள்.

அந்த அரை மணி நேரமும் நான் நாலு கட்டடம் தள்ளிக் கடையில் உட்கார்ந்து ஒருவருக்கு இருமல் மருந்தின் விலையை விளக்கிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அவளே ஓடி வந்தாள். நான் போய்ப் பார்த்தபோது பாய்க்குக் கண் மட்டும் அசைந்தது. என்னைப் பார்த்தார். ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவர் தலை என் மடியில் இருந்தது. ரயில்வே கேட் மூடியிருந்தது. கேட் திறக்கும்போது அவர் இல்லை.

மாத்திரை சரியாக நாக்குக்கு அடியில் போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். சீக்கிரம் கொண்டுவந்திருந்தால்? அதற்கும் சொல்ல முடியாது என்றார், ஆனால் இந்தத் தடவை என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

மறுநாள் காலையில் அடக்கம். பள்ளிவாசல் வாசலில் நாங்கள் வேற்று மதத்துக்காரர்கள் கொஞ்சம் பேர் ஓரமாக நின்றோம். மதில் ஓரத்தில் பொன்னுச்சாமியும் நின்றார். தொழுகை முடிந்ததும், தூக்குவதற்கு முன்னால், ரஹ்மத்துன்னிசாவின் அண்ணன் அப்துல் ரவூப் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். உரத்த குரலில் சொன்னார்.

"எங்க மச்சான் பசீர் அகமது யாருக்காச்சும் பணங்காசு பாக்கி வெச்சிருந்தா, தயவு செஞ்சு எங்கிட்ட வந்து சொல்லுங்க. அந்தப் பொறுப்பு என்னுது. உட்டுக் குடுக்கற மனசு இருந்தா, அவருக்காக மன்னிச்சு உட்டுருங்க."

அது அவர்கள் வழக்கம். யார் இறந்தாலும் அப்படிக் கேட்பார்கள். எனக்கு அது தெரியும், முன்பும் கேட்டிருக்கிறேன். ஆனால் அன்று அது வேறு மாதிரி கேட்டது. பாக்கி என்ற எந்த வார்த்தை தன் பெயரோடு சேரக் கூடாது என்று அந்த மனுஷன் ஏழு மாதம் மாடிப்படியில் செருப்பைச் சரி செய்தபடி ஏறினாரோ, அதை முந்நூறு பேர் முன்னால் அப்துல் ரவூப் கூவிச் சொன்னார். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள், அவ்வளவுதான். இதை உயிரோடு இருக்கும்போது சொல்ல ஒரு வழக்கம் இல்லையே என்று எனக்கு அழுகை வந்தது.

பொன்னுச்சாமி மதில் ஓரத்தை விட்டு முன்னால் வரவில்லை.

மூன்றாம் நாள் முத்துப்பேச்சி வந்து அந்தக் கவரை என் கவுன்டரில் வைத்தாள். உள்ளே இன்னும் மூன்று மாத்திரை இருந்தது. அழுது அவள் கண் வீங்கியிருந்தது.

"அண்ணாச்சி, நீங்க எழுதுனதத்தான நான் வாசிச்சேன்? நெஞ்சு மாத்திரைன்னு போட்டிருந்தா நான் தூக்கிக்கிட்டு ஓடியிருப்பேனே. எதுக்கு அண்ணாச்சி அப்பிடி எழுதுனீக?"

"உம் மேல தப்பு இல்லம்மா, என் மேலதான்" என்று மட்டும் சொன்னேன். அது அவளுக்கு எந்த விதத்திலும் போதவில்லை. போய்விட்டாள். கவரை டிராயரில் போட்டேன்.

பத்து நாள் கழித்து, மதியம் கூட்டமில்லாத நேரத்தில், பொன்னுச்சாமி வந்தார். கடைக்குள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். பெரிய உடம்பு, மூச்சு வாங்கியது. கண்ணாடி அலமாரியைப் பார்த்தபடி கேட்டார்.

"பாய்க்கு நெஞ்சுல கோளாறுன்னு உங்களுக்கு முன்னமே தெரியுமாமுங்களே?"

"தெரியுமுங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுங்க."

பத்து நாளாக உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது வெளியே வந்தது. "சொல்லியிருந்தா என்னங்க பண்ணியிருப்பீங்க? செக்கைக் கிழிச்சுப் போட்டிருப்பீங்களா? நெசத்தைச் சொல்லுங்க."

நான் எதிர்பார்த்த பதில் ஒன்று இருந்தது. அத்தனை நாளும் அதைத்தான் மனசுக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். 'தெரிஞ்சிருந்தா பொறுத்திருப்பேனே' என்று அவர் சொல்ல வேண்டும். சொன்னால், பாய் பயந்தது வீண், மறைத்தது முட்டாள்தனம் என்று ஆகும். செத்துப்போன மனுஷனை மனசாரத் திட்டவாவது எனக்கு முடியும்.

பொன்னுச்சாமி தரையைப் பார்த்தபடி யோசித்தார். பொய் சொல்ல நினைத்து, வேண்டாம் என்று விட்டது அவர் முகத்தில் தெரிந்தது.

"தை மாசமே நிறுத்தியிருப்பனுங்க. குடுத்ததையும் அப்பவே கேட்டு வாங்கியிருப்பேன். எம்பட பணம் மட்டும்னா பரவாயில்லீங்க. வெள்ளகோயில்ல எங்க சனம் நம்பிக் குடுத்து வெச்சிருக்கறதுங்க. அவங்களுக்கு நான் என்னத்தச் சொல்றது?"

கெட்ட மனுஷன் இல்லை அவர். அப்துல் ரவூப்பிடம் அதுவரை ஒரு பைசா கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் பாய் நினைத்தது சரி. ஒரு சொல்கூடத் தப்பில்லை. சொல்லியிருந்தால் தை மாதமே டேபிள் நின்றிருக்கும், சொல்லாததால் ஆடியில் அவர் நின்றுபோனார். எனக்கு ஒரேயடியாக அலுப்பாக இருந்தது. கடையை மூடிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்றிருந்தது.

பொன்னுச்சாமி எழுந்திருக்கவில்லை. வாசலை ஒரு முறை பார்த்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த சீட்டு ஒன்றை எடுத்து கவுன்டரில் வைத்தார். கோயமுத்தூர் டாக்டர் சீட்டு. அதே இரண்டு மாத்திரை.

"அந்தக் கம்பெனி செக்கு எங்கிட்டவே பதினெட்டு இருக்குதுங்க," என்றார் மெதுவாக. "ஒரு மாசமா வலிக்குது. ஊட்டுல தெரியாது. இந்த நாக்குக்கு அடியில வெக்கிறத மட்டும்... பாய்க்குக் குடுத்த மாதிரியே, கவர் மேல கேஸ் மாத்திரைன்னு எழுதிக் குடுத்துருங்க. வெளிய தெரிஞ்சா எங்கிட்டப் பணம் போட்டவங்க அத்தன பேரும் நாளைக்கே வந்து நிப்பாங்க."

மாத்திரைப் பட்டையை எடுத்தேன். இந்தத் தடவை கத்தரியைத் தொடவில்லை. கவரில் போட்டு, நீல மைப் பேனாவை எடுத்து, எவ்வளவு பெரிதாக முடியுமோ அவ்வளவு பெரிதாக எழுதினேன்: 'நெஞ்சு வலி மாத்திரை. நாக்குக்கு அடியில். விழுங்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரி.' எழுதி அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

அவர் அதைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். கோபப்படவில்லை. பணத்தை வைத்துவிட்டு, கவரிலிருந்து மாத்திரைப் பட்டையை மட்டும் உருவி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மெதுவாகப் படியிறங்கி, வெயிலில் மெயின் ரோட்டுப் பக்கம் நடந்தார்.

காலிக் கவர் கவுன்டரில் கிடந்தது. மை காயும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, டிராயரைத் திறந்து பாயின் கவருக்கு மேலே வைத்தேன்.